பதினைந்து நாள் கட்டு

எலும்பு முறிந்தவருக்குக் கட்டுப் போட எனக்குத் தெரியும். எத்தனை நாள் கட்டியிருக்க வேண்டும் என்று மட்டும் என்னிடம் கேட்கக் கூடாது.

நுவரெலியா மரக்கறிச் சந்தையில் மூட்டை இறக்குவது என் வேலை. போன மாதம் லீக்ஸ் மூட்டையோடு ஒரு பையன் லொறியிலிருந்து விழுந்து முன்கையை முறித்துக்கொண்டான். ஒருவர் கையை இழுக்க வந்தார், இன்னொருவர் எண்ணெய் தேடி ஓடினார். நான் கரட் பெட்டி ஒன்றின் பலகையை உடைத்து, சாக்கை மடித்து உள்ளே வைத்து, கை இருந்தபடியே கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டேன். எங்கள் கடை முதலாளியை நாநா என்று கூப்பிடுவோம். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "எத்தன நாளைக்கு இப்படி இருக்கணும்?" என்று கேட்டார். டாக்டரிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அடக்கத்தில் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.

எனக்குப் பத்து வயதில் நடந்தது இது. நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே ஒரு தோட்டத்தில், லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா எங்களுடையது. அம்மா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. என்னைப் பெரிய படிப்புப் படிக்க வைக்க வேண்டும் என்றுதான் போனாள். இரண்டு வருடத்தில் வந்துவிடுவேன் என்றாள். இரண்டு வருடம் எவ்வளவு நீளம் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்தபோது அவள் போய்விட்டிருந்தாள்.

அப்பா விடியும்போதே ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் போட்டுவிட்டு மலைக்கு ஏறிவிடுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நானே கதவைத் திறந்து, நானே அடுப்பை மூட்டி, நானே தேத்தண்ணி ஊற்றிக் குடிப்பேன். பிறகு வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். லயத்துப் பிள்ளைகள் கீழே விளையாடுவார்கள். நான் கூச்சக்காரன் என்று அவர்களுக்குத் தெரியும், அதனால் கூப்பிட மாட்டார்கள். அவர்கள் கூப்பிடவில்லை என்பதால் நான் போக மாட்டேன். இப்படியே பொழுது இருட்டிவிடும்.

அந்த வருடம் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த வாத்தியார் எங்கேயோ முதலுதவி பழகியவர். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தில் அதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். கட்டிப் பழக ஒரு நோயாளி வேண்டும். வாங்குப் பலகையின் மேல் படுப்பது செத்தவனைப் போல இருக்கிறது என்று எல்லாரும் சிரித்து விலகிக்கொண்டார்கள். எனக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. ஆகவே எல்லா வெள்ளிக்கிழமையும் நானே நோயாளி. வகுப்பில் இருந்த அத்தனை பேரும் என் கையையும் காலையும் மாறி மாறி முறித்து, கோடு போடும் அடிமட்டத்தையும் துணியையும் வைத்துக் கட்டினார்கள்.

நான் ஒரு தடவையும் கட்டியதில்லை. ஆனால் முடிச்சு எலும்பின் மேல் வந்தால் எப்படி வலிக்கும், அதிகம் இறுக்கினால் எவ்வளவு நேரத்தில் விரல் மரத்துப்போகும், உள்ளே துணி வைக்க மறந்தால் பலகை எங்கே குத்தும் என்பதெல்லாம் என் உடம்புக்குத் தெரியும். கட்டி முடித்ததும் வாத்தியார் குனிந்து என் கால் விரலை அழுத்திப் பார்ப்பார். "சூடா இருக்கா? உணர்வு இருக்கா?" என்று கேட்பார். அம்மா போன பிறகு என்னைத் தொட்டுப் பேசியவர்கள் அந்த வெள்ளிக்கிழமைக்காரர்கள்தான். கட்டை அவிழ்த்த பிறகும் எழுந்திருக்க மனசு வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் விறகுக்குப் போனோம். மலை உச்சியில், தேயிலை முடிகிற இடத்தில், டர்பன்டைன் மரங்கள் நிற்கும். காய்ந்த கிளைகளை வெட்டிக் கட்டித் தலையில் வைத்து இறங்க வேண்டும். தலைச் சும்மாட்டுக்கு நான் அம்மாவின் பழைய சேலைத் துண்டு ஒன்றைக் கொண்டுபோவேன். வீட்டில் வேறு துணி இருந்தது. இருந்தாலும் அதைத்தான் எடுப்பேன்.

மழை தூறிக்கொண்டிருந்தது. அப்பா விறகுக் கட்டோடு முன்னால் இறங்கினார். தேயிலைக்கு நடுவே மழைத் தண்ணீர் ஓடுவதற்கு வெட்டிய கான் ஒன்று உண்டு. அவரே வெட்டியதாகக்கூட இருக்கலாம். எத்தனையோ தடவை தாண்டியதைப் போலவே அன்றைக்கும் தாண்டினார். ஓரத்து மண் சரிந்தது. ஒரு கால் கானுக்குள் மாட்டிக்கொள்ள, விறகோடு கீழ்ப்பக்கம் சாய்ந்தார். காய்ந்த கிளை முறிகிற சத்தம் கேட்டது. விறகுதான் என்று நினைத்தேன்.

அப்பாவின் முகம் சாம்பல் பூசியது போல ஆகிவிட்டது. முழங்காலுக்குக் கீழே கால் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. தோல் கிழியவில்லை.

"பாதத்தப் புடிச்சு இழுடா," என்றார். "ஒரே இழு. நேராயிட்டா நடந்துருவேன்."

லயத்தில் யாருக்கு எது முறிந்தாலும் அதுதான் வழக்கம். ஒருவர் பிடித்துக்கொள்வார், ஒருவர் இழுப்பார், பிறகு எண்ணெய் போட்டு உருவுவார்கள். எங்கள் லயத்தில் சாய்ந்து நடந்தவர்கள் எல்லாரும் அப்படி நேராக்கப்பட்டவர்கள்தான்.

"இழுக்கக் கூடாதுப்பா."

"யாரு சொன்னா?"

"வாத்தியாரு."

"ஒடஞ்சது வாத்தியாருக்கா எனக்கா?"

அப்பா சொல்லி நான் ஒன்றைச் செய்யாமல் இருந்ததில்லை. அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு, "நான் இழுக்க மாட்டேன்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அப்பாவுக்குக் கேட்டது. புதிதாக வந்த ஒருவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"சரி. ஒங்க வாத்தியாரு வேற என்னதான் சொன்னாரு?"

காலை மேலும் கீழும் கை கொடுத்துத் தாங்கி, திரும்பியிருந்தபடியே கானிலிருந்து எடுத்து வைத்தேன். அப்போது அவர் பல்லைக் கடித்த சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கும். விறகிலிருந்து நேரான கம்பு இரண்டு உருவி, தொடையிலிருந்து குதிகாலுக்குக் கீழே வரை வருகிற மாதிரி கத்தியால் வெட்டினேன். மழைக்காக அப்பா தலையில் போட்டிருந்த சாக்கை மடித்துக் காலுக்கும் கம்புக்கும் நடுவில் வைத்தேன். கட்டுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. விறகு கட்டிய கயிறு சொரசொரப்பானது, தோலை அறுக்கும். சும்மாட்டைப் பிரித்து நாலாகக் கிழித்தேன்.

முறிந்த இடத்துக்கு மேலே இரண்டு கட்டு, கீழே இரண்டு கட்டு. முடிச்சுகள் எல்லாம் வெளிப்பக்கம், கம்பின் மேல். பிறகு அப்பாவின் பெருவிரலை அழுத்திப் பார்த்து, வேறு எப்படிக் கேட்பது என்று தெரியாமல், வாத்தியார் கேட்ட மாதிரியே கேட்டேன்.

"சூடா இருக்கா? உணர்வு இருக்கா?"

அந்த வலியிலும் அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. "இருக்குங்க டாக்டரையா."

ஆள் கூட்டி வர வேண்டும். மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. என் சாக்கை அவர்மேல் போர்த்திவிட்டு எழுந்தேன்.

"பயமா இருக்காடா?" என்றார் அப்பா.

"இல்லப்பா."

"எனக்கு இருக்கு. சுருக்கா வா."

ஓடினேன். லயத்தில் பாதிப் பேர் டவுனுக்குப் போயிருந்தார்கள். பக்கத்துக் காம்பரா மாமா மட்டும் இன்னும் மூன்று பேரோடு இஸ்தோப்பில் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது, பேச்சு வரவில்லை. நாலு பேரும் ஒன்றாக நிமிர்ந்து பார்த்ததில், வரவிருந்த கொஞ்சப் பேச்சும் போய்விட்டது.

உள்ளேயிருந்து அத்தை எட்டிப் பார்த்தார். அம்மா போனதிலிருந்து நான் அந்த வாசலில் வந்து நின்றால் ஏதாவது கடன் கேட்கத்தான் நிற்பேன் என்பது அவருக்குத் தெரியும்.

"என்னடா, சீனியா உப்பா?"

நான் தலையை ஆட்டினேன்.

"வாயத் தொறந்து சொன்னா முத்து உதிந்துருமாக்கும்," என்று சொல்லிக்கொண்டே ஒரு பிடி உப்பைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். உப்பு கையில் விழுந்த பிறகுதான் என் வாய் திறந்தது.

"அப்பாவுக்குக் கால் ஒடஞ்சிருச்சு அத்த."

சீட்டுகள் கீழே விழுந்தன. மாமா உள்ளே போய்க் கம்பளியும் எண்ணெய்ப் போத்தலும் எடுத்துக்கொண்டார். நாலு பேரும் கம்போடு என் பின்னால் ஏறினார்கள். போய்ச் சேர்ந்தபோது அப்பா கண்ணை மூடி முனகிக்கொண்டு கிடந்தார். மாமா குந்தி உட்கார்ந்து கட்டை அவிழ்க்கக் கை வைத்தார்.

"அவுக்காதீங்க மச்சான்," என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல்.

"ஒரு உருவு உருவிட்டா வலி விட்டுரும்."

"எண்ணெயக் கொண்டுபோய் கொழம்புல ஊத்துங்க. இது இப்படியே இருக்கட்டும்."

கம்பளியைக் கம்பில் தூளி மாதிரி கட்டி, அதில் அப்பாவைப் படுக்க வைத்து, தோளில் தூக்கி இறங்கினார்கள். டிஸ்பென்சரியில் தோட்டத்து டாக்டரையா லாந்தரைத் தூக்கிப் பிடித்துக் கட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"யாரு கட்டுனது? ஒழுங்கா கட்டியிருக்கே."

அப்பா மயக்கத்தில் இருந்தார். நான்தான் என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு சொல், சின்ன வேலை. என் மூடிய கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே உப்பு கரைந்து வழிந்துகொண்டிருந்தது.

"நம்மதாங்க," என்றார் மாமா, எண்ணெய்ப் போத்தலை இடுப்பில் மறைத்துக்கொண்டு. "என்னமோ நமக்குத் தெரிஞ்ச மாதிரி."

அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் யாருக்கு எது முறிந்தாலும் மாமாவைத்தான் கூப்பிட்டார்கள். கட்டு மாமா என்றே அவருக்குப் பேர் வந்தது. சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்கு என் முடிச்சுகளை அவர் நன்றாகத்தான் பார்த்து வைத்திருந்தார்.

அப்பாவை லொறியில் டவுன் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மாவுக்கட்டுப் போட்டு ஒரு வாரத்தில் அனுப்பிவிட்டார்கள். ஆசுபத்திரியில் சிங்களத்தில் சொன்னதை மாமா எங்களுக்குச் சொன்னார். ஒரு மாதம் கழித்து வந்து காட்ட வேண்டுமாம்.

அன்று அப்பா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். "நாந்தான் கட்டுனேன்னு சொல்ல வேண்டியதுதானடா," என்றார். நான் மாவுக்கட்டின் ஓரத்தைச் சுரண்டினேன். "சரி விடு. அம்மா வரட்டும். அவகிட்ட சொல்லுவோம்."

பிறகு, "இப்ப எழுதிறாத," என்றார். "தெரிஞ்சா அவ அங்க இருக்க மாட்டா."

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாதத்துக்கு ஒன்று அம்மாவுக்குப் போகும் நீல மடிப்புக் கடிதத் தாளை நான்தான் எழுதுவேன். அவள் அங்கே இருக்க மாட்டாள் என்று அப்பா சொன்னது என் காதுக்குள்ளேயே நின்றது. ஒரு வரி எழுதினால் போதும், அவள் வந்துவிடுவாள். என்ன எழுதியிருக்கிறேன் என்று அப்பாவுக்குத் தெரியப்போவதில்லை. இரண்டு நாள் தாளை எழுதாமல் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் எழுத உட்கார்ந்தபோது, அப்பா சுவரைப் பார்த்துப் படுத்தபடி, "அந்த விசயம் எழுதலதானே?" என்று கேட்டார்.

"இல்லப்பா," என்றேன். சொன்ன பிறகு எழுத முடியவில்லை. நாங்கள் இருவரும் நலம், அப்பா தினமும் வேலைக்குப் போகிறார் என்று எழுதினேன்.

மீதித் தாள் வெறுமையாக இருந்தது. நான் கட்டியதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அதனால் பள்ளிக்கூடத்தில் முதலுதவி படிக்கிறோம் என்று தொடங்கி, மலையில் செய்ததை எல்லாம் பாடம் மாதிரி எழுதினேன். இழுக்கக் கூடாது. இருந்தபடியே கட்ட வேண்டும். உள்ளே துணி வைக்க வேண்டும். முடிச்சு எலும்பின் மேல் வரக் கூடாது. கால் என்று எழுதினால் அம்மா கண்டுபிடித்துவிடுவாள் என்று பயந்து, எல்லா இடத்திலும் கை என்று எழுதினேன். கழுத்திலிருந்து தொங்கும் கை ஒன்றைப் படமும் போட்டேன்.

எத்தனை நாள் கட்டியிருக்க வேண்டும் என்பது பாடத்தில் வரவில்லை. அதையும் எழுதினால்தான் முழுசாக இருக்கும் என்று பட்டது. டாக்டரையாவிடம் கேட்கலாம் என்று டிஸ்பென்சரிக்குப் போனேன். வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எல்லாரும் போன பிறகு கேட்கலாம் என்று ஓரமாக நின்றேன். எல்லாரும் போனதும் டாக்டரையா வெளியே வந்து, "என்னடா, மருந்தா?" என்றார். நான் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து நானே கணக்குப் போட்டேன். அப்பாவின் கால் தடிமன், அதற்கு ஒரு மாதம். கை அதில் பாதிதான் இருக்கும். பதினைந்து நாள் என்று எழுதி, கீழே ஒரு கோடும் போட்டேன்.

ஒரு மாதம் கழித்துக் காட்டப் போனபோது அப்பாவுக்குப் பழைய கட்டை எடுத்துவிட்டுப் புதுக் கட்டுப் போட்டார்கள். மூன்று மாதம் கழித்துத்தான் அவருடைய காலை நான் பார்த்தேன். நான் எழுதியது பிழை என்று அப்போதே தெரிந்தது. பள்ளிக்கூடத்துக் கதைதானே, அம்மாவுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

அம்மாவின் கடிதங்கள் அந்த நாட்களில் மாறிவிட்டன. முன்பெல்லாம் தாளின் ஓரம் வரை எழுதுவாள். பிறகு வந்தவை நாலைந்து வரிதான். எழுத்துகள் பெரிதாக, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, இடது பக்கம் சரிந்து கிடந்தன. ஒரு கடிதத்தில், நீ எழுதிய கட்டுப் பாடம் நன்றாக இருந்தது, படத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று மட்டும் இருந்தது. என்னை மறந்துகொண்டு வருகிறாள் என்று நினைத்தேன். அவசரமாக, வேண்டாவெறுப்பாக எழுதுகிறாள் என்று கோபம் வந்தது. அடுத்த தாளில் நானும் நாலு வரிதான் எழுதினேன்.

அப்பாவால் பழையபடி மலை ஏற முடியவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்று கீழே மரக்கறித் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். அதையும் எழுதவில்லை.

அம்மா வந்த அன்று மழை. பையை இடது கையில் தூக்கிக்கொண்டு லயத்து வாசலில் ஏறினாள். அப்பா கம்பை ஊன்றி எழுந்து நின்றார். அவள் அவருடைய காலைப் பார்த்தாள். அவர் அவளுடைய வலது கையைப் பார்த்தார். மணிக்கட்டு முள்ளுக்கரண்டியின் முதுகைப் போல வளைந்திருந்தது.

"என்னம்மா இது?" என்று நான்தான் கேட்டேன்.

"படி கழுவயில சறுக்கிருச்சு சாமி. சொன்னா திருப்பி அனுப்பிருவாங்களேன்னு யாருகிட்டயும் சொல்லல. நீதான் எழுதியிருந்தியே, அதே மாதிரி கட்டுனேன். ஒரு கையால கட்டி, பல்லால முடிச்சுப் போட்டேன்."

பைக்குள் கையை விட்டு என் கடிதத்தை எடுத்தாள். மடித்து மடித்து அது நாலு துண்டாகப் பிரிகிற நிலையில் இருந்தது. நான் வரைந்த கை நடுவில் இருந்தது.

"நீ சொன்ன பதினஞ்சு நாளும் அவுக்கவே இல்ல. வேல செய்யயிலயும் சட்டக் கைக்குள்ளாற அப்படியே வச்சிருந்தேன். ஒரு நாள்கூடக் கொறைக்கல."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். கம்பை எடுத்துக்கொண்டு இஸ்தோப்புக்குப் போனார். வெகு நேரம் உள்ளே வரவில்லை. பீடி குடிக்கப் போயிருப்பார் என்று நினைத்தேன்.

எனக்கு இருந்த சந்தோசத்தில் அந்தப் பதினைந்து நாள் பிழை என்பது நினைவுக்கே வரவில்லை. நான் கட்டத் தெரிந்தவன் என்று ஒருவருக்காவது தெரிந்துவிட்டது, அதுவும் அம்மாவுக்கு. பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். விரலை அழுத்திப் பார்த்தேன்.

"சூடா இருக்கா? உணர்வு இருக்கா?"

"இருக்கு சாமி," என்று சிரித்தாள்.

விரல்களை மடக்கிக் காட்டச் சொன்னேன். மூன்று விரல் மடங்கின. மற்ற இரண்டும் தூரப் பயணம் வந்த களைப்பில் இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டேன்.